ஒரே வேலை, இரண்டு சம்பளம்: 'பொறுங்கள்' என்றால் பொறுக்க வேண்டுமா?

கேள்வி: மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகத் தரப் பரிசோதகராக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 2,250 ரிங்கிட். நானே வேலை பழக்கிவிட்ட ஆண் ஊழியருக்கு 2,700. கேட்டால், "எல்லோர் சம்பளத்தையும் ஆய்வு செய்கிறோம், பொறுங்கள்" என்கிறார் மனிதவள அதிகாரி. ஏழு மாதங்கள் ஓடிவிட்டன. நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் கையால் வேலை கற்றவர் உங்களைவிட 450 ரிங்கிட் கூடுதலாக வாங்குவது மனத்தை அறுக்கத்தான் செய்யும். வாய்ச்சொல்லை நம்பி இனியும் காத்திருக்காதீர்கள்.

அரசியலமைப்பின் 8 ஆம் விதி பால் பாகுபாட்டைத் தடுக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு தனியார் முதலாளிக்கு எதிராகச் செல்லாது என்று ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2005 இல் சொல்லிவிட்டது. உங்களுக்குக் கைகொடுப்பது 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவு. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள இப்பிரிவின்படி, வேலையிடப் பாகுபாடு குறித்த தகராறைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம்.

ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்று அந்தச் சட்டம் விளக்கவில்லை. அதனால் எல்லாமே ஆதாரத்தைப் பொறுத்தது. இருவரும் நிரப்புவது ஒரே பரிசோதனைப் படிவமா? ஒரே ஷிப்டா? பழுதான பொருளை நிறுத்திவைக்கும் அதிகாரம் இருவருக்கும் உண்டா? தேதி போட்டு எழுதி வையுங்கள். இரவு ஷிப்ட் படியையும் மிகைநேரப் பணத்தையும் கழித்துவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் ஒப்பிடுங்கள்; வழக்கு சறுக்கக்கூடிய இடம் இது. அவருக்கு டிப்ளோமா இருக்கிறது என்பார்கள். அந்த வேலைக்கு டிப்ளோமா தேவையா என்று திருப்பிக் கேளுங்கள். அவருடைய சம்பளச் சீட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தில் சம்பள ரகசிய விதி இருந்தால், அதையே உங்கள்மீது திருப்புவார்கள். சம்பளப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் இலாகாவுக்கு உண்டு.

இந்த வாரமே மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆய்வு எப்போது முடியும், எந்தெந்த வேலைகளை ஒப்பிடுகிறார்கள், வித்தியாசம் தெரியவந்தால் எந்தத் தேதியிலிருந்து நிலுவை கொடுப்பார்கள் என்று மூன்றையும் கேளுங்கள். பதிலுக்கு 14 நாள் கொடுங்கள். வராவிட்டால் அந்த மின்னஞ்சலின் நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

கோபத்தில் ராஜினாமா கடிதம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர்களே உங்களை வேலையிலிருந்து நீக்கினால், 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும்.