ஒத்துக்கொண்டால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: நாங்கள் ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 20 வயது. போன மாதம் ஒரு சாயங்காலம் அவனுடைய கூட்டாளி வீட்டு வாசலுக்கு வந்து, "மாமாவோட நெலத்துல காய் ஏத்தணும், ஒரு கை கொடு" என்று கூப்பிட்டுப் போனான். தோட்டத்து ஜாகா, அதாவது காவலாளி, இரண்டு பேரையும் பிடித்துவிட்டார். அது மாமா நிலம் இல்லை, தோட்டத்து நிலமாம். வேனில் 23 செம்பனைக் குலை இருந்திருக்கிறது. மூன்று நாள் ரிமாண்டில் வைத்துவிட்டுப் போலீஸ் ஜாமினில் விட்டார்கள். அடுத்த மாதம் குளுவாங் கோர்ட்டில் 379ஆவது பிரிவில் திருட்டுக் குற்றச்சாட்டு போடப் போகிறார்களாம். "ஒத்துக்கோ, அபராதத்தோட முடிஞ்சிரும்" என்று பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், ஒருவர் சொன்னார். தோட்டத்து மேனேஜரோ ரிப்போர்ட்டை மீட்டுக்கொள்ளலாம் என்கிறார். என்னிடமும் போலீஸ் வாக்குமூலம் வாங்கியது. பெற்ற பிள்ளைக்கு எதிராக நானே சாட்சி சொல்ல வேண்டி வருமா?
ஒரு தாய், ரெங்கம்

பதில்: அம்மா, அந்தப் பையன் வாசலில் நின்று கூப்பிட்டதை நீங்கள் உங்கள் காதால் கேட்டீர்களா என்று முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். கேட்டிருந்தால், மகனுடைய வழக்கில் நீங்கள் மிக முக்கியமான ஆள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இன்னொருவர் வசம் இருக்கும் பொருளை அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்துவதைத்தான் தண்டனைச் சட்டத்தின் 378ஆவது பிரிவு திருட்டு என்கிறது. அந்த எண்ணம் இல்லாவிட்டால் திருட்டு இல்லை. கூட்டாளியின் மாமா நிலத்துக் காய் என்று உங்கள் மகன் உண்மையாகவே நம்பி ஏற்றியிருந்தால், குலை யாருடையதாக இருந்தாலும் அவன் திருடியவன் ஆகமாட்டான். "காய் ஏத்தினியா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வான். "திருடினியா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு உரிய பதிலை இரண்டாவது கேள்விக்குச் சொல்லிவிட்டுத் தண்டனையோடு வீடு திரும்பிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சும்மா நம்பினேன் என்றால் போதாது. எத்தனை மணிக்குப் போனார்கள், எந்த வழியாக நுழைந்தார்கள், யார் வெட்டியது என்றெல்லாம் கேட்பார்கள். அந்த மாமாவுக்கு உண்மையிலேயே பக்கத்தில் நிலம் இருக்கிறதா? இருந்தால் காய் விற்க அவரிடம் எம்.பி.ஓ.பி. எனப்படும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும். அதன் நகலை இப்போதே தேடி வையுங்கள்.

379ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பாலாயில் அப்படிச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்டனையை முடிவு செய்கிறவர் மாஜிஸ்திரேட் ஒருவர்தான். அவருக்கு 5 ஆண்டு வரை சிறையும் 10,000 ரிங்கிட் வரை அபராதமும் போட அதிகாரம் இருக்கிறது. அபராதத்தோடு முடியும் என்று அவருக்காக வேறு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. அபராதத்தோடு முடிந்தாலும், திருட்டுக் குற்றவாளி என்ற பதிவு 20 வயதுப் பையன் மேல் நிற்கும். அப்புறம் மனம் மாறி மேல்முறையீடு செய்தால், தண்டனை அதிகம் என்று வாதாடலாமே தவிர, நான் குற்றமே செய்யவில்லை என்று பொதுவாக வாதாட முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குச் சட்டம் அவ்வளவுதான் இடம் தருகிறது.

பாலாயில் ஏற்கெனவே ஏதோ சொல்லிவிட்டானே என்று பயப்படாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு பொதுவாக அவருக்கு எதிராகக் கோர்ட்டில் வைக்க முடியாது. கோர்ட்டில் சொல்லப் போவதுதான் கணக்கு.

இனி அந்த நாளுக்கு வருவோம். குற்றச்சாட்டை மலாயில் வாசிப்பார்கள். மாஜிஸ்திரேட்டின் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஜுருபஹாசா, அதாவது மொழிபெயர்ப்பாளர், அதைத் தமிழில் சொல்வார். மெங்காக்கு சாலாவா, பிச்சாராவா, அதாவது குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா, விசாரணை வேண்டுமா என்று கேட்பார். நம் மக்கள் தவறு செய்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்தப் பெரிய அறையில் தமிழில் பேசுகிற ஒரே ஆள் அவர். பயத்தில் நடுங்கும் பிள்ளை அவரைப் பார்த்து, "அண்ணே, என்ன சொல்லட்டும்?" என்று கேட்டுவிடுகிறான். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய வேலை இந்தப் பக்கத்துச் சொல்லை அந்தப் பக்கம் சேர்ப்பது. ஆலோசனை சொல்ல அவருக்கு உரிமை இல்லை. புரியாவிட்டால் "புரியலை, திரும்பச் சொல்லுங்க" என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். அது உங்கள் மகனின் உரிமை.

அதேபோல, ஃபைலோடு வருகிற ஐ.ஓ., அதாவது போலீஸ் விசாரணை அதிகாரி, இந்த வழக்கைத் துப்புத்துலக்கியவர். விசாரணை நடந்தால் அவரே அரசுத் தரப்புச் சாட்சிகளில் ஒருவராகக் கூண்டில் ஏறுவார். வழக்கை நடத்துகிறவர் டி.பி.பி. என்று நாம் சொல்லும் துணை அரசு வழக்கறிஞர். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சில சமயம் இன்ஸ்பெக்டர் தரத்தில் உள்ள போலீஸ் அதிகாரியும் நடத்துவார். நடைபாதையில் இவர்களில் யார் அன்பாகப் பேசினாலும் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை உங்கள் மகன் தன்னுடைய வழக்கறிஞரோடு மட்டுமே பேச வேண்டும். மாஜிஸ்திரேட்டிடம் பேசும்போது துவான் அல்லது புவான் என்றால் போதும்.

ஒத்துக்கொண்டால் சம்பவ விவரத்தை வாசிப்பார்கள். அதையும் முழுசாக ஏற்க வேண்டும். அங்கே அவன், "ஏத்தினேன் துவான், ஆனா மாமா காய்னு நெனச்சேன்" என்றால், மாஜிஸ்திரேட் அந்த ஒப்புதலை ஏற்கக் கூடாது, வழக்கை விசாரணைக்கு அனுப்ப வேண்டும். குற்றத்தின் தன்மையும் விளைவும் புரிந்து, எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒப்புக்கொண்டால்தான் அது ஒப்புதல் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு சொல்கிறது.

ஆனால் ஒன்று. அவனுக்கு உண்மை தெரிந்தே போயிருந்தால், அதைத் தன் வழக்கறிஞரிடம் மறைக்கக் கூடாது. அப்படியானால் சீக்கிரமே ஒப்புக்கொண்டு, வயதையும் முதல் தவறு என்பதையும் சொல்லி, நன்னடத்தைப் பிணையில் விடக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. உங்களிடம் சொல்லக் கூச்சப்படுகிற விஷயத்தை வழக்கறிஞரிடம் தனியாகச் சொல்ல விடுங்கள்.

வழக்கறிஞருக்குக் காசு எங்கே என்பீர்கள். யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சான் என்ற தேசிய சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் இதற்காகவே இயங்குகிறது. வசதி குறைந்த மலேசியர்களின் குற்ற வழக்குகளுக்கு வழக்கறிஞர் தருகிறார்கள். தேதி வரும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே குளுவாங் கோர்ட் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். சம்பளச் சீட்டும் ஐசியும் (அடையாள அட்டையும்) கொண்டு போங்கள். அன்றைய தினம் வரை யாரும் கிடைக்காவிட்டால், "வழக்கறிஞர் வைக்கத் தவணை வேண்டும்" என்று மகன் நேராகக் கேட்கலாம். போலீஸ் ஜாமின் அன்றோடு முடிந்து, கோர்ட் புதிதாக ஜாமின் தொகை சொல்லும். 379 தானாக ஜாமின் கிடைக்கும் குற்றம் அல்ல, மாஜிஸ்திரேட் பார்த்துக் கொடுப்பது. அதனால் மலேசியக் குடிமகனான ஒருவர் ஐசியோடும் பணத்தோடும் காலையிலேயே தயாராக இருக்கட்டும். மகன் எல்லாத் தேதிக்கும் ஒழுங்காக வந்தால் அந்தப் பணம் வழக்கு முடிந்ததும் திரும்பி வரும்.

மேனேஜர் விஷயம். ரிப்போர்ட் கொடுத்தவர் வழக்கைத் திரும்பப் பெற முடியாது. குற்றம் சாட்டுவதும் கைவிடுவதும் கூட்டரசு அரசியலமைப்பின் 145ஆவது விதிப்படி அரசு வழக்கறிஞர் கையில் இருக்கிறது. ஆனாலும் அவர் மனசு வைத்தது வீண் இல்லை. தோட்டம் இதைத் தொடர விரும்பவில்லை என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதை இணைத்து உங்கள் வழக்கறிஞர் டி.பி.பி.க்கு ரெப்ரசென்டாசி, அதாவது வழக்கைக் கைவிடக் கேட்கும் முறையீடு, எழுதுவார். பதில் எப்படியும் வரலாம். ஒன்று மட்டும் கவனம்: வழக்கைக் கைவிட்டு விடுவித்தாலும், அது முழு விடுதலையா, மறுபடி குற்றம் சாட்ட இடம் வைத்த விடுவிப்பா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விசாரணைக்குப் போனால், அதற்கு முன்பே போலீஸ் ரிப்போர்ட்டின் நகலையும் அவர்கள் காட்டப்போகும் ஆவணங்களையும் உங்கள் வழக்கறிஞருக்குத் தந்தாக வேண்டும். ஜூரி கிடையாது, 1995 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட் ஒருவரே கேட்டு முடிவு செய்வார். முதலில் அரசுத் தரப்பு ஜாகா, ஐ.ஓ. என்று சாட்சிகளைக் கூப்பிடும். ஒவ்வொருவரையும் உங்கள் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வார். அவர்கள் சொன்னதில் குற்றத்தின் ஒவ்வோர் அம்சத்துக்கும் நம்பத்தக்க சான்று இல்லாவிட்டால், மகன் வாயே திறக்காமல் விடுதலை. இருந்தால்தான் அவனைப் பதில் சொல்ல அழைப்பார்கள். அப்போது உறுதிமொழி எடுத்துச் சாட்சி சொல்லலாம், குறுக்கு விசாரணை இல்லாமல் குற்றம் சாட்டப்பட்டவருக்கான கூண்டில் நின்றபடியே பேசலாம், அல்லது மௌனமாக இருக்கலாம். வழக்கே அவன் மனசில் என்ன நம்பினான் என்பதில் நிற்கிறது. அதனால் உறுதிமொழி எடுத்து, கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்வதுதான் நல்லது என்பது என் கருத்து.

இப்போது உங்கள் விஷயம். கணவன் மனைவி தங்களுக்குள் பேசிக்கொண்டதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. தாய்க்கும் பிள்ளைக்கும் அப்படி இல்லை. சப்பீனா, அதாவது சாட்சி சொல்ல வரச்சொல்லும் கோர்ட் உத்தரவு, வந்தால் நீங்கள் போகத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் கேட்ட அந்த வார்த்தைகள் மகனுக்கு உதவுகிறவை, அம்மா. அரசுத் தரப்பு உங்களைக் கூப்பிடாவிட்டால் நம் தரப்பே கூப்பிட வேண்டும்.

இன்னொருவர் சொன்னதைச் சொன்னால் கேள்விச் செய்தி என்று தள்ளிவிடுவார்களே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அதற்கான பதில் உங்கள் ஊரிலிருந்தே வந்தது. 1955இல் ரெங்கம் வட்டாரத்தில் சுப்பிரமணியம் என்பவர் தோட்டாக்களோடு பிடிபட்டார். பயங்கரவாதிகள் மிரட்டியதால்தான் வைத்திருந்தேன் என்றார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று சொல்ல விசாரணை நீதிபதி விடவில்லை. மரண தண்டனை விதித்தார்கள். அந்தக் காலத்தில் நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1956இல் அதை ரத்து செய்தது. அந்தப் பேச்சு உண்மையா என்று நிரூபிக்க இல்லாமல், அப்படிப் பேசப்பட்டது, அது கேட்டவர் மனசை எப்படி ஆக்கியது என்று காட்டுவதற்காக என்றால், அதைச் சொல்லலாம் என்றார்கள். இன்றைக்கும் இந்த நாட்டுக் கோர்ட்டுகளில் அந்த வழக்கை எடுத்துக் காட்டுகிறோம். கூட்டாளி சொன்னது பொய்யாகவே இருக்கட்டும். அதை உங்கள் மகன் கேட்டான், நீங்களும் கேட்டீர்கள் என்பதுதான் நமக்கு வேண்டும்.

போலீஸிடம் நீங்கள் இதைச் சொன்னீர்களா, சொன்னால் எப்படிச் சொன்னீர்கள் என்று வழக்கறிஞரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கோர்ட்டில் மாற்றிச் சொன்னால் பழைய வாக்குமூலத்தைக் காட்டிக் கேட்பார்கள். மகனுக்கு நல்லது என்று ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதீர்கள். சாட்சி சொல்லி முடிக்கும் வரை நீங்கள் கோர்ட் அறைக்கு வெளியேதான் உட்கார வேண்டும். அதனால் விசாரணை நாட்களில் மகன் திரும்பிப் பார்க்கும்போது கண்ணில் படுகிற மாதிரி, அவன் அக்காவையோ சித்தப்பாவையோ உள்ளே உட்காரச் சொல்லுங்கள்.