மீசைக்காரனைத் தொந்தரவு செய்யாதீர்கள்

போன இதழில் என் வீட்டுத் தொட்டியின் படத்தைப் போட்டது போட்டதுதான், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி பிரிஸ்டில்நோஸ் பற்றியே இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னுமே, ஆணுக்கு மூக்கில் மீசை முளைக்குமே, அந்த மீன்தான். கப்பி, கோல்ட்ஃபிஷ் வளர்ப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கடிதங்கள் அடுத்த மாதம்.

சார், ஒன்றரை வருடத்துக்கு முன் சக்கர் மீன் இரண்டு வாங்கினேன். முக்கால் அடிக்கு வளர்ந்துவிட்டன. இன்னும் எதற்கும் மீசை வரவில்லை. இரண்டுமே பெண்ணா? எப்போது முட்டை போடும்?
– வாசகி, திருச்சி

இரண்டும் பிரிஸ்டில்நோஸே இல்லை அம்மா. பிரிஸ்டில்நோஸ் நன்றாக வளர்ந்தாலே நான்கைந்து அங்குலத்தோடு நின்றுவிடும். கடைகளில் ‘சக்கர்’, ‘டேங்க் கிளீனர்’ என்று கட்டைவிரல் அளவில் விற்கிறார்களே, அது பெரும்பாலும் வேறு சாதி. ஒன்றரை அடி வரை போகும். முதுகுத் துடுப்பை விரிக்கும்போது பாருங்கள், பாய்மரம் மாதிரி அகலமாக இருக்கும். கரைச்சேற்றில் வளை தோண்டித்தான் அது முட்டையிடும், கண்ணாடித் தொட்டியில் அதற்கு வழியே இல்லை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இடம் போதவில்லை என்று காவிரியிலோ ஏரியிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்க மீன் அது, இங்கே அதைத் தின்ன ஆளில்லை. ஏரி மீனவர்கள் வலையில் கெண்டைக்குப் பதில் இது வந்து சிக்கி, முள்ளால் வலையைக் கிழித்துவிட்டுப் போகிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

ஐயா, கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். ஆண் பிரிஸ்டில்நோஸ் அதற்குள் முட்டைகளைக் காத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் முட்டைகள் எல்லாம் மணலில் கிடக்கின்றன. இது இரண்டாவது முறை. என்ன தப்பு செய்கிறேன்?
– வாசகர், மதுரை

தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை முறை டார்ச் அடித்துப் பார்த்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் தொட்டியில் முதல்முறை முட்டை வந்தபோது, குகையாக வைத்திருந்தது ஒரு சின்ன மண்சட்டி. உள்ளே பார்த்தால் கடுகைவிடப் பெரிதாக, ஆரஞ்சு நிறத்தில், திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டு அறுபது முட்டை இருக்கும். சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு மைத்துனர் குடும்பம் வந்திருந்தது. சட்டியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி எல்லோருக்கும் காட்டினேன். அப்பன்காரன் கடைசி வரை சட்டிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வந்தான். திரும்ப வைத்ததும் வெளியே போனவன் உள்ளே வரவே இல்லை. இரண்டு நாளில் அத்தனை முட்டையும் வெள்ளையாகிப் பஞ்சு பூத்துவிட்டது. “பிரசவ ரூமுக்குள்ள ஊரையே கூட்டிட்டுப் போனா இப்படித்தான்” என்றாள் என் மனைவி. அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

இந்த மீனில் முட்டை போடுவதோடு அம்மா வேலை முடிந்தது, மிச்சம் முழுக்க அப்பாதான். மார்புத் துடுப்பாலும் வாலாலும் ராப்பகலாக விசிறிக்கொண்டே இருப்பான். அந்தத் தண்ணீர் ஓட்டம் நின்றால் முட்டைக்கு மூச்சு இல்லை. அந்த நாட்களில் வெளியே வந்து சாப்பிடவே மாட்டான், பயப்படாதீர்கள். 26, 27 டிகிரியில் நான்கைந்து நாளில் பொரியும். பொரிந்ததும் நீந்தாது. வயிற்றில் மஞ்சள் கரு மூட்டையும் பின்னால் வாலுமாக, சுவரில் ஒட்டிக்கொண்டு நெளியும். அந்த மூட்டை கரைய இன்னும் நான்கைந்து நாள். அதுவரை அப்பன் யாரையும் வெளியே விடமாட்டான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கொட்டாங்கச்சி தப்பில்லை, ஆனால் வாய் அகலம், உள்ளே இடமும் அதிகம். தன் உடம்பால் வாசலை அடைக்க முடிந்தால்தான் ஆணுக்கு நிம்மதி. ஒன்றரை அங்குல பிவிசி குழாயில் அரை அடி வெட்டி, ஒரு பக்கம் மூடி போட்டு, இருட்டு மூலையில் படுக்க வையுங்கள். மூங்கில் கணுவும் நல்லது. கொட்டாங்கச்சியே வேண்டும் என்றால் மீன் நுழையும் அளவுக்கு மட்டும் விளிம்பில் ஓட்டை போட்டு, மற்றதை மணலில் புதைத்துவிடுங்கள்.

இன்னொரு ஆண் அதே தொட்டியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். வலை போட்டுப் பிடிக்காதீர்கள், கன்னத்து முள் வலையில் மாட்டிக்கொள்ளும். மக்கில் ஓட்டி எடுங்கள். பெண் ஒரு நாள் முழுக்கக் குகைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தாலும் செத்துவிட்டது என்று கையை விடாதீர்கள். முட்டை போடும் வரை ஆண் அப்படித்தான் மறித்து வைப்பான்.

அடுத்த முறையும் தள்ளிவிட்டால் முட்டைகளை அள்ளி, தொட்டிக்குள் தொங்கும் குஞ்சுப் பெட்டியில் போடுங்கள். பக்கத்தில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) வைத்து முட்டை லேசாக அசைகிற மாதிரி காற்று விடுங்கள். வெள்ளையானதை ஒவ்வொன்றாக ட்ராப்பரால் எடுத்துவிட வேண்டும், ஒன்று விட்டாலும் பூஞ்சை பக்கத்து முட்டைக்குத் தாவும். ஆனால் முதலிரண்டு முறை முட்டையைக் கோட்டைவிடுவது இளம் ஆண்களின் வழக்கம். என் மீசைக்காரன் மூன்றாவது முறைதான் தேறினான். அதுவும் ஐப்பசி மழையில். தொட்டிக்குள்ளும் மழை வந்த மாதிரி இருக்கட்டும் என்று நான் வேண்டுமென்றே தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதைவிட இரண்டு டிகிரி குளிர்ந்த தண்ணீரை ஊற்றினேன். மூன்றாம் நாள் முட்டை.

தாயும் தகப்பனும் பழுப்பு. குஞ்சுகளில் சில மட்டும் மஞ்சள் உடம்பும் சிவப்புக் கண்ணுமாக இருக்கின்றன. வேறு மீன் கலந்துவிட்டதா?
– வாசகர், சேலம்

எதுவும் கலக்கவில்லை. இரண்டு பேரும் ஆல்பினோ குணத்தை, அதாவது உடம்பில் கருநிறமி இல்லாத குணத்தை, ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். அப்படி இரண்டு மீன் சேர்ந்தால் சுமாராக நாலில் ஒன்று ஆல்பினோவாக வரும். அதிர்ஷ்டம் உங்களுக்கு, கடைக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார்.

ஆணுக்கு மட்டும் அவ்வளவு பெரிய மீசை எதற்கு?
– பத்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

நல்ல கேள்வி. பெண்ணுக்கும் உதட்டோரம் குட்டியாகச் சில இருக்கும், ஆணுக்குத்தான் நெற்றி வரை கிளை விட்டு வளரும். 1999-இல் மூன்று ஆய்வாளர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: அந்த மீசை நெளியும் குஞ்சுகளைப் போலத் தெரிகிறது, ‘ஏற்கெனவே பிள்ளை வளர்க்கிறவன், பொறுப்பானவன்’ என்று பெண் நம்பி வருகிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. மீசையைப் பார்த்துப் பெண் கொடுக்கிற கதை நம்மூரிலும் உண்டுதானே.

எண்பது குஞ்சு வந்தது சார். இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் ஐந்தாறு செத்துக்கொண்டே இருக்கின்றன. ஆறு நாளாக ஒரே வெள்ளரித் துண்டுதான் போட்டிருக்கிறேன், இன்னும் தீரவில்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. ஆறு நாள் வெள்ளரி காய் இல்லை அம்மா, குப்பை. காயை ஒரு நாளைக்கு மேல் விடாதீர்கள். இரவில் போட்டுக் காலையில் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. அதே சமயம் குஞ்சின் வயிறும் காலியாக இருக்கக் கூடாது, நாள் முழுக்க மேய்கிற சாதி. வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த கீரை, சுரைக்காய், வேகவைத்த சர்க்கரைவள்ளி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். மிதக்காமலிருக்க ஸ்பூனில் குத்தி வைத்தால் போதும். பாசி வில்லையும் தினம் கொஞ்சம். சுரண்ட ஒரு மரக்கட்டை கண்டிப்பாக வேண்டும்.

தினமும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக்கிய பிறகு. ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், பெரிய ஃபில்டர் என்றால் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்சைக் கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை காணாமல் போன பதினொரு குஞ்சும் ஃபில்டர் பெட்டிக்குள் கொழுகொழுவென்று வளர்ந்து கிடந்தன.

பிரிஸ்டில்நோஸ் இருந்தால் தொட்டியைக் கழுவவே வேண்டாமாமே?
– வாசகர், பெயர் வேண்டாம் என்கிறார்

கண்ணாடியில் பாசியைத் தின்னும். தின்றதைவிட அதிகமாகக் கழியும். வாளியை எடுங்கள்.