எஞ்சினைச் சிறிதாக்கினால் பந்தய பைக்கின் வேகம் குறையுமா?

நேர்ப்பாதையில் குறையும், வளைவில் கூடவும் கூடும். 'சிசி' என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் கொள்ளளவு. அது சுருங்கினால் ஒவ்வொரு தடவையும் எரியும் பெற்றோலும் காற்றும் குறைவு, சக்தியும் குறைவு. ஆனால் உள்ளே சுழலும் பாகங்கள் இலேசாவதால் பைக் சட்டென்று சாய்ந்து, வேகத்தை விடாமல் திரும்பும்.

கொழும்பு வெள்ளவத்தையில் நின்று பாருங்கள். காலி வீதியில் ஓட்டோவை முந்திய லொறி, ஒழுங்கைக்குள் திரும்ப பின்னுக்கும் முன்னுக்கும் எடுக்கும். ஓட்டோ ஒரே வெட்டில் உள்ளே போய்விடும்.

உலகின் முதன்மையான பைக் பந்தயத் தொடரான மோட்டோ ஜிபியில் 2007இல் 990 சிசி 800 ஆனபோது பல ஓடுபாதைகளில் சுற்று நேரம் குறைந்ததே தவிரக் கூடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இதுதான். இடையில் மறுபடி 1000 ஆக உயர்ந்த சிசி, 2027இல் 850 ஆகிறது.

சிசி குறையும் அளவுக்கே வேகமும் குறையும் என்பது தவறு: உச்ச வேகத்தில் காற்றுத் தடைதான் பெரிய எதிரி என்பதால், சக்தி 15 சதவீதம் குறைந்தால் வேகம் ஏறத்தாழ 5 சதவீதமே குறையும்.