இலங்கையின் கிழக்கில் சுற்றுலா மீண்டும் தழைக்க அரசு முதலில் எதைச் செய்ய வேண்டும்?

என்னைக் கேட்டால், முதல் வேலை பதிவு. அறை வாடகைக்கு விடும் சின்ன வீட்டுக்காரரையும் தோணிக்காரரையும் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்குடாக்காரன். பெரியம்மா நகையை அடகு வைத்து வீட்டில் இரண்டு அறை கட்டினார். எங்கள் சீசன் தொடங்கவிருந்த நேரம், 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, நாட்டின் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் பிள்ளைகள் செத்தார்கள். புக்கிங் எல்லாம் போனது. அடுத்த வருடம் கொரோனா. கடன் தவணையைத் தள்ளிப்போடும் சலுகையை அரசு கொடுத்தது. ஆனால் அது சுற்றுலா அதிகார சபையில் பதிந்த இடங்களுக்கு. பெரியம்மாவிடம் பதிவு இல்லை. புது மெத்தைகள் இரண்டும் பொலித்தீன் கழற்றாமலே சுவரோடு சாய்ந்து நின்றன.

ஏன் பதியவில்லை? காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், 2004 சுனாமியோடு போய்விட்டது. நகல் எடுக்கப் போன அலுவலகத்தில் மூன்று தடவை 'நாளைக்கு வாங்க அம்மா' என்றார்கள். பஸ் காசு கொடுத்துப் போய் வந்தவருக்கு அதற்கு மேல் தெம்பில்லை. கிராம சேவகர், பிரதேச சபை, சுகாதாரப் பரிசோதகர், சுற்றுலா அதிகார சபை எல்லோரும் ஒரே நாளில் ஊருக்கு வந்து நடமாடும் சேவை நடத்தினால் இந்த அலைச்சலில் பாதி தீரும்.

அப்புறம் கடன். தெற்கிலும் மேற்கிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். எங்களுக்கு அது மாரி; கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில்தான் எங்களுக்கு ஆட்கள் வருவார்கள். மாதாமாதம் ஒரே தவணை என்றால் மாரியில் எதை வைத்துக் கட்டுவது? கிழக்குக்கென்று தனித் தவணைக் கால அட்டவணை வேண்டும்.

கரையையும் விடக்கூடாது. போருக்குப் பின் பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. வள்ளம் இழுத்து ஏற்றும் இடமும் கரைக்குப் போகும் பாதையும் மீனவருக்கு எழுத்தில் உறுதியாக வேண்டும். பொத்துவில் களப்பில் மீனவர்களே தோணியில் ஏற்றிக் கண்டல் காட்டைக் காட்டுகிறார்கள். அந்தக் காசு ஊரிலேயே நிற்கிறது, காட்டை வெட்டவும் அவர்களுக்கு மனம் வராது. எனக்குப் பிடித்த சுற்றுலா அதுதான்.

2018இல் நாட்டுக்கு 23 லட்சம் பயணிகள் வந்தார்கள், 2021இல் 2 லட்சம்கூட இல்லை, 2024இல் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டியது. பெரியம்மாவின் அறைகள் இன்னும் பூட்டித்தான் கிடக்கின்றன. உறுதி நகல் கைக்கு வந்தால் முதலில் அந்தப் பொலித்தீனைக் கழற்றுவோம்.