பாண்டியனும் மனுநீதிச் சோழனும்: ஒப்பீட்டை எங்கே தொடங்குவது?

சிலப்பதிகாரத்தையும் பெரியபுராணத்தையும் வைத்து அரச நீதி பற்றி எழுதினீர்கள், 'இரண்டு கதையைத்தான் சொல்லியிருக்கிறாய், ஒப்பீடு எங்கே?' என்று ஆசிரியர் திருப்பிவிட்டார் என்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், ஒப்பீட்டைக் கண்ணகியே தொடங்கி வைத்திருக்கிறாள். வழக்குரை காதையில் பாண்டியனிடம் தன் ஊரைச் சொல்லும்போது, கன்றை இழந்த பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட, அந்தக் கன்றைத் தேரேற்றிக் கொன்ற தன் மகனைத் தேர்ச் சக்கரத்தில் மடித்த சோழனைத்தான் முன்னால் நிறுத்துகிறாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கட்டுரையை இங்கிருந்தே தொடங்குங்கள்.

அப்புறம், விசாரணையைப் பாருங்கள். பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பி, சிலம்பு கள்வன் கையில் இருந்தால் 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்கிறான். கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோழனோ பசு ஏன் மணியடித்தது என்று விசாரிக்கிறான். அமைச்சர்கள் சொன்ன பரிகாரத்தை மறுக்கிறான். சோழன் தீர்ப்புக்கு முன்பே கலங்குகிறான், பாண்டியன் தீர்ப்புக்குப் பிறகு.

ஆனால் சோழன் உயர்ந்தவன், பாண்டியன் தாழ்ந்தவன் என்று முடித்துவிடாதீர்கள். சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் சாக்குச் சொல்லவில்லை. 'யானோ அரசன், யானே கள்வன்' என்று தன்மேலேயே தீர்ப்பு எழுதி உயிர்விடுகிறான். சோழன் தண்டித்தது மகனை. இவன் தண்டித்தது தன்னை. பெரியபுராணத்தில் கன்று, மகன், அவன்மேல் தேரை ஓட்ட மனமின்றி உயிர்விட்ட அமைச்சன் மூவரும் இறையருளால் எழுகிறார்கள். இங்கே மதுரை எரிகிறது. இழப்பை இரண்டு நூல்களும் ஏன் இப்படி வேறுவேறாக முடிக்கின்றன என்பதற்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்குங்கள்.