தண்ணீரைக் கூப்பிடும் அக்கா

அன்புள்ள சார்,

நான் சென்னையில் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். ஆங்கிலத்தில் மாயக்கதைகள் நிறைய படிப்பேன். இப்போது தமிழில் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை 2025-ல் மேற்கு மாம்பலத்தில் நடக்கிறது. அக்காவுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்குப் பதினைந்து. அக்கா கூப்பிட்டால் தண்ணீர் வரும். தம்பிக்கு எந்தச் சக்தியும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் இதைப் பற்றி எதையோ மறைக்கிறார்கள். மூடிக்கிடக்கும் ஒரு பழைய தியேட்டரில் கூடும் மந்திரவாதிகள் அக்காவைத் தேடுகிறார்கள். பாதி எழுதிவிட்டேன். அதற்குமேல் நகரவில்லை.

மந்திரம் லண்டனில் நடந்தால் நம்புகிறேன். எங்கள் தெருவில் நடப்பதாக எழுதினால் எனக்கே செயற்கையாகத் தெரிகிறது, ஏன்? கடைசியில் தம்பி அக்காவைக் காட்டிக்கொடுத்தால்தான் திருப்பம் என்று என் தோழி சொல்கிறாள். எனக்கு மனசு வரவில்லை. அது பலவீனமா? குடும்ப ரகசியத்தை எந்த இடத்தில் உடைக்க வேண்டும்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு அனுப்பியிருந்த அத்தியாயங்களையும் படித்தேன். அக்கா மொட்டைமாடியில் காலி சின்டெக்ஸ் டேங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி தண்ணீரைக் கூப்பிடுகிறாளே, அந்த இடம் அருமையாக வந்திருக்கிறது. அதில் எனக்கு எந்தச் செயற்கையும் தெரியவில்லை. தியேட்டருக்குள் கறுப்பு அங்கி போட்ட மந்திரவாதிகள் வந்ததும்தான் கதை தடுமாறுகிறது. அவர்கள் நீங்கள் படித்த புத்தகங்களிலிருந்து வந்தவர்கள், அக்காவும் தம்பியும் நீங்கள் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தக் கூட்டத்தை மொத்தமாக எடுத்துவிடுங்கள். ரகசியம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

வீட்டுக்குள் என்ன இருக்க முடியும்? தென்மாவட்டங்களில் பல குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்ணை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். அவளுக்கென்று ஓர் ஓலைப்பெட்டியில் சிற்றாடை இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை புதுத்துணி எடுத்துப் படைத்துவிட்டு, மறுபடியும் பெட்டியை மூடி வைத்துவிடுவார்கள். வெளியாட்களுக்கு அதில் இடமில்லை. அவள் யார், எப்படி இறந்தாள் என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியாமல் போவதும் உண்டு. கேட்டால், "அது நம்ம வீட்டுக் கன்னி, கும்பிட்டுக்கோ" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

அப்படி ஒரு பெட்டி உங்கள் மாம்பலம் ஃபிளாட்டின் லாஃப்டில், பழைய மிக்சியின் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வருடம் ஒருமுறை அப்பா தனியாக ரங்கநாதன் தெருவுக்குப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கான பாவாடை ஒன்று வாங்கிவருகிறார். வீட்டில் அந்த வயதில் பெண் இல்லை. தம்பி ஒருநாள் பில்லைப் பார்த்துவிடுகிறான்.

பாவாடை அப்பாவின் அக்காவுக்கு. அவளும் தண்ணீரைக் கூப்பிட்டவள். அவள் சாவில், அன்று சின்னப் பையனாக இருந்த அப்பாவுக்கு ஏதோ ஒரு பங்கு இருக்கிறது. பயத்தில் யாரிடமோ உளறிவிட்டாரா, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டாரா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இப்படி வைத்தால் மந்திரம், ரகசியம், உடன்பிறந்த பாசம் மூன்றும் ஒரே முடிச்சில் வந்துவிடும். உங்கள் வரைவில் மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. கதை நகராததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். தன் அக்காவைத் தொலைத்த ஒரு தம்பி, இன்னொரு தம்பியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார். எனக்கு உங்கள் கதையில் மிகவும் பிடித்த மனிதராக அந்த அப்பா ஆகிவிடுவார்.

இனி தெருவுக்கு வருகிறேன். லண்டன் கதைகளில் எழுதுபவர்கள் அந்த ஊர் மனிதர்கள் தினமும் ஏறி இறங்கும் ரயில் நிலையத்திலும் பாலத்திலும்தான் மந்திரத்தைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். உங்கள் அக்காவின் சக்தி தண்ணீர். சென்னையில் அதைவிடப் பொருத்தமான சக்தி வேறில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி எங்கே? நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் பக்கமாக நீண்டு கிடந்த ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தி.நகர் எழுந்தது. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி கிடந்த நிலத்தில் நிற்பதுதான். அக்கா கூப்பிடும்போது பதில் சொல்வது அந்த ஏரியாக இருக்கலாம் இல்லையா? கூப்பிட்டால் வரும் தண்ணீர் எங்கேயோ குறைய வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். இவர்கள் டேங்க் நிரம்பினால் எதிர்வீட்டு போர்வெல் காற்று வாங்கட்டும். அப்போதுதான் ஒவ்வொரு முறையும் அவள் யோசித்துவிட்டுக் கூப்பிடுவாள்.

அப்புறம் இரண்டு வருடங்களை நீங்கள் விட்டுவிட்டீர்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகி, சைதாப்பேட்டை, மேற்கு மாம்பலம் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது உங்கள் அக்காவுக்கு ஒன்பது வயது. தண்ணீர் அவர்கள் வாசற்படியோடு நின்றுவிட்டதா? நின்றது என்றால் யார் வீட்டுக்குப் போனது? மகள் வாசலில் நின்று ஏதோ முணுமுணுப்பதை அப்பா மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்திருந்தால், தன் அக்காவை மறுபடியும் பார்த்த மாதிரி அவருக்கு உடம்பு நடுங்கியிருக்கும். இனி யார் முன்னாலும் கூப்பிடக் கூடாது என்று அன்றைக்குச் சத்தியம் வாங்கிக்கொள்கிறார்.

அடுத்தது 2019 கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தெருவில் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் கலர் கலராகக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. அக்காவுக்குப் பதின்மூன்று வயது. கூப்பிட்டால் வரும் என்று அவளுக்குத் தெரியும். கீழ்வீட்டுப் பாட்டி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, படிக்குப் படி நின்று மூச்சு வாங்குகிறார். சத்தியத்தை மீறினால் எதிர்வீட்டுக் கிணற்றில் மிச்சமிருப்பதும் போய்விடும், மீறாவிட்டால் இதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்பது வயதுத் தம்பி ஒன்றும் புரியாமல், "ஏன்க்கா அழறே?" என்கிறான். எந்த மந்திரவாதிக் கூட்டமும் அவளுக்கு இவ்வளவு வேதனையைக் கொடுத்துவிட முடியாது. இந்த அத்தியாயத்தை மட்டும் நிதானமாக, நீளமாக எழுதுங்கள்.

தோழி சொன்ன திருப்பத்துக்கு வருகிறேன். உங்களுக்கு மனசு வராதது பலவீனமே இல்லை. இந்த இரண்டு பேரையும் நீங்கள் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறீர்கள். ஆனால் பாசம் எந்தச் செலவும் இல்லாமல் கிடைத்துவிடக் கூடாது. அண்ணன்மார் கதையைப் பாருங்கள். கொங்கு நாட்டில் உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடுகிற கதை அது. பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1965-ல் அதைப் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். பங்காளிகளுக்குப் பயந்து, அண்ணன்களான பொன்னரும் சங்கரும் பிறந்ததையே மறைத்து வளர்க்கிறார்கள். நீங்கள் தேடும் குடும்ப ரகசியம் அங்கேயே இருக்கிறது. தங்கை அருக்காணித் தங்காளுக்கு நடக்கப்போவது கனவில் தெரிகிறது. போகாதீர்கள் என்கிறாள். அண்ணன்கள் போகிறார்கள், மாய்கிறார்கள். தங்கை தேடிப் போய்த் தன் சக்தியால் அவர்களை எழுப்புகிறாள். எழுந்து அவளோடு பேசுகிறார்கள், பிறகு தங்கள் காலம் முடிந்துவிட்டது என்று போய்விடுகிறார்கள். அண்ணன்மார் கோயில் திருவிழாக்களில், அண்ணன்கள் மாண்ட களமாகப் பாவிக்கும் படுகளத்தில் விழுந்து கிடப்பவர்களைத் தீர்த்தம் தெளித்து எழுப்புவதை இன்றும் பார்க்கலாம். சுற்றி நிற்பவர்கள் அழுதுகொண்டுதான் நிற்பார்கள். அந்த மூன்று பேரில் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. எழுப்ப முடிந்தவளால் கூடவே வைத்துக்கொள்ள முடியவில்லை. அது போதுமானதாக இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு நான் கொடுக்க நினைக்கும் சோதனை வேறு. பெட்டியின் கதை அவனுக்கு முதலில் தெரியவரட்டும். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதடா, தாங்க மாட்டா" என்கிறாள். நம் வீடுகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இருக்க முடியாது. சொன்னால் அம்மாவுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் அக்காவுக்கு. அவனோ அக்காவிடம் எதையும் மறைத்துப் பழகாதவன். சக்தி இல்லாத பையனுக்கு நீங்கள் இதுவரை வேலையே கொடுக்கவில்லை, டார்ச் பிடிக்க மட்டும்தான் வருகிறான். இனிமேல் கதையின் பாரம் முழுக்க அவன் தோளில் இருக்கும்.

மூன்றாவது கேள்விக்கும் பதில் இதிலேயே வந்துவிட்டது. ரகசியத்தைக் கடைசிப் பக்கம் வரை பொத்திவைக்காதீர்கள். பாதியிலேயே தம்பிக்கும் வாசகருக்கும் தெரிந்துவிடட்டும், அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அதன்பிறகு இருவரும் தோசைக்குச் சட்னி போதவில்லை என்று சண்டை போட்டால்கூட நாங்கள் பதற்றத்தோடு படிப்போம். அவன் எப்போது வாயைத் திறப்பான் என்பதுதான் கதையாகிவிடும்.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அக்கா தண்ணீரைக் கூப்பிடும் இடத்தில் பின்னால் சேர்த்திருக்கும் சமஸ்கிருத மந்திரங்கள் வேண்டாம். முதல் அத்தியாயத்தில் "வா, ஒண்ணும் பண்ண மாட்டேன், வா" என்று கூப்பிட்டாளே, கடைசிவரை அப்படியே கூப்பிடட்டும்.

பொதுத்தேர்வு அடுத்த வருடம்தானே? சரி, இந்த வருட விடுமுறையில் எழுதி முடியுங்கள். 2019 அத்தியாயத்தை எழுதியதும் அதை மட்டும் முதலில் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்