கேட்டதும் சொன்னதும்

கேள்வி: வரப்போகும் அறிவியல் புனைவு, மாயாஜாலப் படங்களில் எதற்குக் காத்திருக்கிறீர்கள்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: 'டியூன்' மூன்றாம் பாகத்துக்கு. 2026 டிசம்பர் 18 என்று தேதி அறிவித்திருக்கிறார்கள். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1969-ல் எழுதிய நாவலை வைத்து டெனி வில்நெவ் இயக்கும் படம்.

வாள் சண்டையிலும் விண்கலத்திலும் எனக்குப் பெரிய ஆசை இல்லை. கதை நடக்கும் பாலைவனக் கிரகத்துத் தண்ணீர் கணக்குதான் பிடித்திருக்கிறது. வியர்வையை வடிகட்டி மறுபடி குடிக்கவைக்கும் உடுப்பு, செத்தவர் உடம்பிலிருந்தும் நீர் எடுக்கும் வழக்கம், இறந்தவருக்காகக் கண்ணீர் விட்டால் அதையே பெரிய கொடையாக மதிக்கும் சனங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்களா, கடைமடைக்கு எப்போது எட்டும் என்று வாய்க்கால் கரையில் நிற்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை!

இன்னொன்று. அந்தக் கிரகத்து மணலுக்குள் வாழும் ராட்சதப் புழுக்களுக்குத் தண்ணீர் விஷம். கிரகம் பச்சையானால் புழு சாகும். புழு செத்தால், அதனால் உண்டாகிற, அவர்களின் செல்வமான 'ஸ்பைஸ்' என்ற அபூர்வப் பொருளும் போச்சு. இந்தச் சிக்கலை வில்நெவ் எவ்வளவு தூரம் காட்டுவார் என்று பார்க்கத்தான் காத்திருக்கிறேன். முதல் இரண்டு பாகங்களையும் பார்த்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

கேள்வி: இந்தப் படத்தை ஐமேக்ஸ் என்கிற மிகப் பெரிய திரையில் பார்த்தே ஆக வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பார்த்தால் நல்லதுதான். ஆனால் அதற்குச் சென்னைக்கோ கோவைக்கோ போக வேண்டும். மார்கழி மழையில் சம்பா வயலை விட்டுவிட்டா? நான் தஞ்சாவூரிலேயே பார்த்துக்கொள்கிறேன்.